ஆட்டோகிளேவில் காய்ச்சிய பால்

அரைகுறையாகத் தெரிந்தவனுக்குத்தான் விளக்கம் சொல்ல ஆசை அதிகம். அதில் எனக்கு டாக்டர் பட்டமே தரலாம். (வீட்டில் அசல் டாக்டர் என் மனைவி. பல் டாக்டர்.)

சேலையூரில் அவள் கிளினிக் திறந்த நாளில் எனக்குக் கொடுத்த ஒரே வேலை, பால் காய்ச்ச அடுப்பு கொண்டுவருவது. அடுப்போ இரும்புலியூர் வீட்டிலேயே பத்திரமாக இருந்தது. ராகுகாலத்துக்குக் கால் மணி நேரம்தான் பாக்கி.

"மாப்ளே, பால் பொங்கட்டும்!" என்று வாசலிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்.

உள்ளே சூடாகக்கூடிய ஒரே பொருள் ஆட்டோகிளேவ். பல் பிடுங்கும் கருவிகளை நீராவி அழுத்தத்தில் வைத்துக் கிருமி நீக்கும் பாத்திரம். பெரிய குக்கர்தானே! உள்ளே வைத்திருந்த கருவிகளை எடுத்து வெளியே போட்டேன். பால் சொம்பை இறக்கி, மூடி, சுவிட்சைத் தட்டினேன்.

சற்று நேரத்தில் மனைவி வந்தாள். "என் கருவியெல்லாம் ஏன் வெளிய கிடக்கு? உள்ள என்ன?"

"பால்."

"அடப்பாவி! திற!"

மூடி திறக்கவில்லை. அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். எனக்கா அது வரும்?

"ஆட்டோன்னா கிரேக்கத்துல 'தானே'. கிளாவிஸ்னா லத்தீன்ல சாவி. உள்ள இருக்கிற அழுத்தமே மூடியைப் பூட்டிக்கும். பிரெஞ்சுக்காரங்க முதல்ல சமையல் பாத்திரத்துக்குத்தான் இந்தப் பேரையே வெச்சாங்க, தெரியுமா?"

"அது கிடக்கட்டும் மாப்ளே, சாவி எங்க?" என்றார் மாமியார்.

வீங்கிய கன்னத்தோடு முதல் நோயாளியாக நாற்காலியில் சாய்ந்திருந்த ஹவுஸ் ஓனர் எழுந்தார். "இன்னா சார், பல்லப் புடுங்குவீங்கன்னு வந்தா பாலக் காச்சிகினு கீறீங்க?" நேராக எதிர் வரிசைக் கிளினிக்குக்குப் போய்விட்டார்.

ராகுகாலத்தில்தான் மூடி திறந்தது. சொம்பில் சொட்டுப் பால் இல்லை. ஆட்டோகிளேவின் உட்சுவரெல்லாம் பழுப்பாக அப்பியிருந்தது.

"பொங்குச்சா?"

"பொங்குச்சு அத்தை. பார்க்கத்தான் நமக்குக் கொடுத்து வைக்கல."

மனைவி அந்தக் காலி நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள். "முதல் பேஷன்ட்டுடா..." நான் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

மெக்கானிக் வந்து சுத்தம் செய்தும் தீய்ந்த பால் வாசனை வாரக்கணக்கில் போகவில்லை. ஹவுஸ் ஓனர் தெரு முழுக்கக் கதையைப் பரப்பிவிட்டார்.

போன வாரம் கேம்ப் ரோட்டில் ஆட்டோ பிடித்து, கிளினிக் பெயரைச் சொன்னேன். டிரைவர் தலையைச் சொறிந்தார். மருந்துக்கடை மாடி என்றதும் முகம் மலர்ந்தது.

"பால்கோவா டாக்டர்னு சொல்லு சார்! எம்பொண்ணுக்கு அங்கதான் சொத்தப் பல்லு எடுத்தோம். ஸ்வீட்டே துன்னக்கூடாதுன்னு ஸ்டிரிக்டா சொல்லிச்சு அந்தம்மா."