உப்பு தொடாத பொத்தான்

பொத்தானை அமுக்கினால் உள்ளே போய்விடுகிறது, திரும்பி மேலே வரவில்லை என்று சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டே ரேணுகா சொன்னாள்.

கார்த்திகேசன் சோற்றிலிருந்து கையை எடுத்தான். "யாரு சொன்னது?"

"அப்பாதான்."

"யாருகிட்ட சொன்னாரு?"

ரேணுகா கொஞ்சம் யோசித்தாள். "சேவல்கிட்ட" என்றாள். "நான் பக்கத்துல இருந்தேன்."

அவள் அப்பா தெய்வசிகாமணி மாப்பிள்ளையோடு பேசி ஆறு வருடமாகிறது. சண்டை என்று சொல்ல முடியாது. சண்டைக்கும் இரண்டு வார்த்தையாவது வேண்டும். கல்யாணமான புதிதில், மாமனாரின் உப்பளத்து மோட்டாருக்குத் தானாக ஓடித் தானாக நிற்கிற ஒரு பெட்டியைக் கார்த்திகேசன் செய்து மாட்டினான். அனுமந்தையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு எல்லாரும் மத்தியானம் திரும்பியபோது மோட்டார் தானாக ஓடிக்கொண்டிருந்தது. நிற்கிற பகுதியை மட்டும் அது மறந்துவிட்டது. மறுநாள் வாருவதற்கு விளைந்து நின்ற ஒன்பது பாத்தி உப்பும் புதுத் தண்ணீரில் கரைந்துபோயிருந்தது. வானம் அதில் மிக அழகாகத் தெரிந்தது. தெய்வசிகாமணி வரப்பில் நின்று வெகுநேரம் அதைப் பார்த்தார். இப்போது திட்டுவார் என்று கார்த்திகேசன் காத்திருந்தான். இன்னும் காத்துக்கொண்டிருக்கிறான்.

அதற்குப் பிறகு பெரியவர் அவனிடம் சொல்ல வேண்டியதை எல்லாம், அவன் காதுக்குப் போகும்படி, வேறு எதனிடமாவது சொன்னார். மின்விசிறியிடம் சொன்னார். சுவரிடம் சொன்னார். "வந்தவங்க சாப்ட்டுட்டுப் போவலாம்" என்று ஒரு பொங்கலன்று தண்ணீர்க் குடத்திடம் சொன்னதை, கார்த்திகேசன் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரேணுகாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தான்.

மரக்காணம் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அவனுக்கு டிவியும் மிக்சியும் பழுது பார்க்கிற கடை. வேலை இல்லாத பொழுதுகளில் நான்கு வருடமாக ஒரு பொருளைச் செய்துகொண்டிருந்தான். உள்ளங்கையில் அடங்குகிற மரப்பெட்டி, அதில் சிறிய திரை, பழைய செல்போன் பேட்டரி, அவனே எழுதிய ஒரே ஒரு விளையாட்டு. பாத்தியில் உப்பு விளையும். ஒரு குட்டி மனிதன் பலகையை இழுத்து அதை வாரிக் குவிக்க வேண்டும். பெட்டியைச் சாய்க்கிற பக்கம் அவன் நகர்வான்; எரியவும் அணையவும் ஒரே ஒரு பொத்தான். மேகம் வருவதற்குள் குவித்தால் வெற்றி. மழை முந்தினால் உப்பெல்லாம் கரைந்துவிடும். ஏன் இந்த விளையாட்டு என்று ரேணுகா கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

மாசியில் தெய்வசிகாமணி வரப்பில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்தது. கம்பி வைத்துத் தைத்து, மூன்று மாதம் கட்டிலை விட்டு அதிகம் நகரக் கூடாது என்று அனுப்பினார்கள். மகள் வீட்டுக்கு வர மறுத்துவிட்டார். உப்பளத்தை ஒட்டிய தன் வீட்டு வாசலில், தகரக் கூரைக்குக் கீழே கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு, தூரத்தில் குனிந்து நிமிர்கிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்தால் மறுபடி எண்ணினார்.

"அந்தப் பொட்டிய அவருகிட்ட குடேன்" என்றாள் ரேணுகா.

"அவரு வாங்க மாட்டாரு."

"நீ குடுத்தா வாங்க மாட்டாரு. நான் கட்டில்ல வெச்சுட்டு வந்துர்றேன்."

வைத்துவிட்டு வந்தாள். ஆறாம் நாள் பொத்தான் உள்ளே போய்விட்டது.

கார்த்திகேசன் அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு போனான். பெரியவர் அவனைப் பார்த்ததும் முகத்தை உப்பளத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு பெட்டியைக் கட்டிலின் ஓரத்துக்குத் தள்ளிவைத்தார். கீழே உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்றினான். பொத்தானின் கால்களில் பச்சை பூத்து, இடுக்கில் கடுகு கடுகாக உப்பு உறைந்திருந்தது. கடற்கரைக் காற்று என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் ஆறு நாளில் இவ்வளவு செய்யும் என்று தெரியாது. இதே காற்றில்தான் அவன் கடையும் இருக்கிறது, அங்கே டிவிகள் வருடக்கணக்கில் கிடக்கின்றன என்று ஒரு கணம் தோன்றியது. கடைக்குக் கதவு இருக்கிறது, இங்கே வெட்டவெளி என்று பதிலும் தானே சொல்லிக்கொண்டான்.

இன்னொன்றையும் கவனித்தான். பெரியவரின் கட்டைவிரல் அந்தச் சின்னப் பொத்தானைப் போல் நான்கு மடங்கு இருந்தது. நாற்பது வருடம் உப்பில் ஊறி, நகத்தைச் சுற்றி வெடித்து, மரத்துப்போன விரல். அமுக்கியது விரலுக்கே தெரிந்திருக்காது.

ஆகவே அடுத்தது பெரிய பொத்தான். வீட்டு வாசலில் வைக்கிற காலிங்பெல் சுவிட்சைப் பெட்டியின் தலையில் பதித்தான். அது எவ்வளவு இளகிய மனம் கொண்டதென்றால், பெட்டியை மடியில் வைத்தாலே அணைந்தது. குவியல் முடிகிற நேரமாகப் பார்த்து அணைந்தது. "பெல்லடிச்சா கதவத் தெறப்பாங்க. இங்க ஆட்டத்தையே மூடிப்புடுது" என்று தெய்வசிகாமணி சுவரிடம் சொன்னார். கூடவே, கோடை மழை மேற்கேயிருந்து வரும், இதில் கடல் பக்கமிருந்து வருகிறது, செய்தவர் மழையைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது என்றும் சுவருக்குத் தெரியப்படுத்தினார். கார்த்திகேசன் மழையைத் திசை மாற்றினான். சுவிட்சை மாற்றும் யோசனையில் இருக்கும்போதே, ஐந்தாம் நாள், அதுவும் பச்சை பூத்துச் செத்தது.

அசைகிற பொருளாக இருப்பதால்தான் இடுக்கு, இடுக்கு இருப்பதால்தான் உப்பு. இதை அவன் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் யோசித்துக் கண்டுபிடித்தான். மூன்றாவதில் பொத்தானே இல்லை. ஒரு செப்புத் தகடு. விரல் பட்டால் போதும்.

மறுநாள் காலையில் உப்பளத்தில் வேலை செய்கிற விருத்தாம்பாள் பெரியவருக்குக் காபி கொண்டுபோயிருக்கிறாள். அவர் பின்பக்கம் முகம் கழுவிக்கொண்டிருந்தார். ஆளில்லாத கட்டிலில் பெட்டி தானாக எரிந்து, தானாக அணைந்து, மறுபடி எரிந்தது. தகட்டின் மேல் ஈரம் பாய்ந்திருந்தது, அந்த ஈரத்தையே அது விரல் என்று எடுத்துக்கொண்டது என்பதெல்லாம் கார்த்திகேசன் பிறகு வந்து சொன்ன விளக்கம். விருத்தாம்பாளுக்கு அப்போது தெரிந்ததெல்லாம், அந்தக் கட்டிலில் முன்னே படுத்திருந்த பெரியவரின் சம்சாரம் போய்ப் பத்து வருடமாகிறது என்பது மட்டும்தான். காபியை வைத்துவிட்டு உள்ளே ஓடித் திருநீறு எடுத்துவந்து பெட்டி முழுக்கப் பூசினாள். ஈரத்தில் திருநீறு குழைந்து பெட்டியின் துளைகளுக்குள் இறங்கியது.

"அந்தம்மா உசுரோட இருக்கறப்பவே எந்தப் பொத்தானையும் தொட மாட்டாங்க, தம்பி. அதான் பயந்துட்டேன்" என்றாள் அவனிடம்.

அதைச் சுத்தம் செய்ய அவனுக்கு மூன்று நாள் பிடித்தது. நான்காவதாக, ஸ்பிரிங் வலுவாக உள்ள ஒரு பொத்தானைத் தேடி வாங்கி, சைக்கிள் டியூபை வெட்டி அதன் மேல் இழுத்து ஒட்டினான். தவறிப்போய் அணையாது, காற்று புகாது. கடையில் வைத்து அமுக்கிப் பார்த்தபோது கொஞ்சம் கடினமாகத்தான் இருந்தது. அவர் கைக்கு இது சரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

தெய்வசிகாமணி ஒரு கட்டைவிரலால் அமுக்கினார். இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினார். பெட்டியைக் கட்டில் சட்டத்தில் சாய்த்து முழங்கையால் அமுக்கினார். பிறகு நிமிர்ந்தார்.

"ஏம்பா, இத அமுக்கறதுக்குத் தனியா ஆள் போடணுமா?"

கார்த்திகேசன் திரும்பிப் பார்த்தான். சேவல் வெகுதூரத்தில் வரப்பின் மேல் நடந்துகொண்டிருந்தது. சுவர் அவருக்கு முதுகுப் பக்கம் இருந்தது. மின்சாரம் இல்லாததால் மின்விசிறியும் ஓடவில்லை.

"எ... எடுத்துட்டு வேற போடறேங்க" என்றான்.

"ம்" என்றார் அவர்.

அன்றைக்கு வீட்டில் அவன் இரண்டு வேளைச் சாப்பாட்டையும் பேசாமல் சாப்பிட்டான். என்ன ஆயிற்று என்று ரேணுகா கேட்டதற்கு, அப்பா திட்டிவிட்டார் என்றான். "உன்னையா? நேராவா?" என்றாள் அவள். ஆமாம் என்று தலையாட்டினான். ரேணுகா தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, அந்த ஒரு வரியை அவர் எப்படிச் சொன்னார் என்று சொல்லச் சொன்னாள். அவன் சொல்லிக் காட்டினான். அவள் இன்னொரு முறை கேட்டாள்.

அதற்குப் பிறகு ஸ்பிரிங்கைத் தளர்த்த ஒரு நாள், டியூபை மாற்ற ஒரு நாள், டியூபுக்கு அடியிலேயே பச்சை பூத்ததைச் சுரண்ட ஒரு நாள் என்று போய்வந்தான். அவன் சுரண்டுவான். அவர் பார்த்துக்கொண்டிருப்பார். அரைமணி நேரம் யாரும் பேச மாட்டார்கள். அந்த அரைமணி நேரம் பழைய ஆறு வருடத்தைப் போல் இல்லை. இடையில் அவர் ஒரு கேள்வி கேட்பார். பித்தளையில் செய்தால் என்ன? வானூர்ப் பக்கம் உங்கள் ஊரில் மழை உண்டா? உன் அப்பாவுக்கு மூட்டு வலி எப்படியிருக்கிறது? அவன் பதில் சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சுரண்டுவான்.

ஆறாவதோ ஏழாவதோ முறை, அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பெட்டியை மூடியபோது பெரியவர் சொன்னார்: "நீயும் பாவம். எத்தினி வாட்டிதான் அலைவ."

அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. வண்டியை ஓட்டிக்கொண்டு வரும்போது அந்த வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒன்பது பாத்தியைக் கரைத்தவனுக்கு ஒரு பொத்தானைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியவில்லை. அதைத்தான் அவர் மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். மனிதர் பொறுத்துப் பொறுத்துக் களைத்துவிட்டார். இனி ஒரு முறை இது கெட்டால் அவர் மறுபடி சேவலிடம் போய்விடுவார். கெடவே கெடாத ஒன்றைச் செய்துவிட வேண்டும்.

கடையைப் பாதி சாத்திவிட்டுப் பன்னிரண்டு நாள் உட்கார்ந்தான். காந்தம் கிட்டே வந்தால் மட்டும் ஒட்டுகிற சுவிட்ச் ஒன்று உண்டு. கண்ணாடிக் குழாய்க்குள் அடைபட்டிருக்கும், காற்றே படாது. அதைப் பெட்டிக்குள் வைத்தான். சார்ஜ் ஏற்றும் துளையையும் அடைத்து, ஒரு தட்டின் மேல் வைத்தாலே ஏறும்படி செய்தான். முழுவதையும் பசை ஊற்றிக் கல் மாதிரி இறுக்கினான். வெளியே, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வேப்பமரத் துண்டு, அதற்குள் காந்தம். இந்தப் பக்கம் தள்ளினால் எரியும், அந்தப் பக்கம் தள்ளினால் அணையும். விரல் மரத்திருந்தாலும் தெரியும். உப்பு தொடுவதற்கு அதில் இனி ஒன்றுமே இல்லை. அவன் செய்த பொருள்களிலேயே அதுதான் நல்லது. அது அவனுக்கே தெரிந்தது.

தெய்வசிகாமணி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடுக்கு இருக்கிறதா என்று நகத்தால் சுற்றிலும் தடவினார். தள்ளினார், எரிந்தது. தள்ளினார், அணைந்தது.

"இனிமே கெடாதா?"

"கெடவே கெடாதுங்க."

"ம்" என்றார்.

ஒரு வாரம் போயிற்று. தூக்குப் பாத்திரத்தோடு போய்வரும் ரேணுகாவிடம் கார்த்திகேசன் ஒவ்வொரு நாளும் கேட்டான். "நல்லாத்தான் ஓடுதாம்" என்றாள். இரண்டாம் வாரமும் நல்லாத்தான் ஓடியது. யாரிடம் சொன்னார் என்று கேட்டான். என்னிடம்தான் என்றாள். சேவலிடமாவது ஏதாவது சொன்னாரா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டான்.

பதினெட்டாம் நாள் அவனே போனான். பெட்டியைத் துடைத்துப் பார்க்க வந்ததாகச் சொன்னான். துடைக்க ஒன்றும் இல்லை. பெரியவர் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு பாத்திகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டான். "இருக்குது" என்றார். பெட்டி ஓடுகிறதா என்று கேட்டான். "ஓடுது" என்றார். அதற்கு மேல் இருவருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. பழுது பார்க்க வருகிறவனுக்குப் பழுது இல்லாத வீட்டில் என்ன வேலை? அவருக்குத் தேவைப்பட்டது ஒரு மெக்கானிக்; மாப்பிள்ளை இல்லை. கடைசியில் அவன் சரியாக ஒன்றைச் செய்து முடித்துவிட்டான், அதோடு முடிந்தும் போயிற்று. பெட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டு, போய்வருகிறேன் என்று சொன்னான். அவர் தலையை ஆட்டினார், எதையும் பார்க்காமல்.

உப்பளத்துப் பாதையில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தான். ஓட்டத் தோன்றவில்லை. எதிரே கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு விருத்தாம்பாள் வந்தாள். அவனைத் தாண்டிப் போனவள் நின்று, வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. முன்னெல்லாம் நாலு சொட்டுப் பாத்தித் தண்ணி விட்டாலே உங்கள வர வெச்சுடுவாரு. இப்ப ராத்திரி பகலா தண்ணியிலயே ஊறப்போட்டுப் பாத்துட்டாரு, கெடவே மாட்டேங்குதுன்னு பொலம்புறாரு; அந்தப் பழைய பொத்தானையே போட்டுக் குடுத்துடுங்க, பாவம்."