மழைக்கு நட்ட மிளகாயும் சம்பந்தி பிடித்த விசிறியும்

பூர்வோகெர்த்தோ,
செவ்வாய்க்கிழமை காலை.

என் அன்புக்கும் மதிப்புக்கும் உரிய மனைவி முர்த்தினிக்கு, உன் கணவன் வர்சிதோ எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் நானும் நம் சின்னவள் நிங்ருமும் இங்கே சுகம். அங்கே பாலிக்பாப்பானில் பெரியவள் வுலானும், மருமகனும், புதிதாய் வந்திருக்கும் பேரனும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். உன் சமையலறையும் சுகம், பெரும்பாலும்.

இதைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீ ஒன்பது கேள்வி கேட்பாய். கடிதத்தில்தான் கடைசிவரை நான் பேச முடியும். முடிவைக் கடைசியில்தான் எழுதுவேன், புரட்டிப் பார்க்காதே.

ஞாயிற்றுக்கிழமை நிங்ருமைப் பெண் கேட்டு, அவள் விரும்புகிற பையன் ஃபத்தோரின் அப்பாவும் அம்மாவும் சுரபாயாவிலிருந்து வந்தார்கள். "முனைக் கடையில சாத்தே சொல்லிடுங்க, நீங்க அடுப்புப் பக்கமே போகாதீங்க" என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆனால் பெண் கேட்டு வருகிறவர்களுக்குக் கடைச் சாப்பாடா? ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து எத்தனையோ ரயில்களை நேரத்துக்கு அனுப்பியவன், நாலு குச்சி ஆட்டிறைச்சியைச் சுட முடியாதா? நிங்ரும், "அப்பா, வேண்டாம்ப்பா, நீங்க வெந்நீர் வச்சாலே பக்கத்து வீட்டுல எட்டிப் பாக்குறாங்க" என்றாள். நான் காதில் வாங்கவில்லை. இறைச்சியைப் பப்பாளி இலையில் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்தால் மெதுவாகும் என்றால், ராத்திரி முழுக்க வைத்தால் எவ்வளவு மெதுவாகும் என்று கணக்குப் போட்டேன். காலையில் பிரித்துப் பார்த்தால் ஆடு கூழாகிக் கிடக்கிறது. குச்சியில் குத்தினால் நிற்க மாட்டேன் என்கிறது. சரி, நாசி கோரெங்காவது நன்றாக வரட்டும் என்று சுடச்சுடப் புதுச் சோறு வடித்தேன். "நேத்துச் சோறுதான்ப்பா வறுக்க வரும்" என்றாள். விருந்தாளிக்குப் பழைய சோறா என்று அதட்டினேன். அந்தப் புதுச் சோறு வாணலியில் விழுந்து இனிப்புச் சோயாக் கெச்சாப்போடு சேர்ந்ததும், சுவரொட்டி ஒட்டுகிற பசையாகிவிட்டது முர்த்தினி, கரண்டியை எடுத்தால் வாணலியும் கூடவே வருகிறது.

இதற்குள் வானம் கருத்துவிட்டது. அடுப்போ முற்றத்தில். பக்கத்து வீட்டு விவிக் வேலி மேலாக எட்டிப் பார்த்து, "அண்ணே, ஒரு குச்சியில மிளகாயும் சின்ன வெங்காயமும் குத்தித் தலைகீழா மண்ணுல நடுங்க, ஒரு சொட்டு விழாது" என்றாள். ஊரே செய்கிறதுதான். ஆனாலும் நான் படித்தவன், சிரித்தேன். அவள் தலை மறைந்ததும் நட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், மேகம் அப்படியே நின்றது.

அவர்களும் வந்தார்கள். ஹாஜி மஹ்ரூஸ், ஆள் கதவளவு. அவர் மனைவி ஹோஸ்னியா, கண்ணாலேயே பேசுகிற பெண்மணி. முற்றத்திலேயே நாற்காலி போட்டேன். நிங்ரும் சமையலறையில் இருந்தாள், சன்னலில் போனைச் சாய்த்து வைத்து ஏதோ பாட்டு கேட்டுக்கொண்டிருந்தாள் போல. கூழை எப்படியோ குச்சிகளில் அப்பி அடுப்பில் வைத்து விசிறியபடியே நான் மரியாதைக்குக் கேட்டேன், ஐயாவுக்கு என்ன வியாபாரம் என்று. "சாத்தே கடைதாங்க. நாங்க மதுரா தீவுக்காரங்க, எங்க தாத்தா காலத்துலேருந்து இதேதான். சுரபாயாவுல எங்க கடை தெரியாத ஆளு இல்ல" என்றார். என் கையிலிருந்த விசிறி அடுப்பில் விழுந்துவிட்டது. சன்னலருகே ஓடி, "ஏண்டி சொல்லல?" என்று பல்லைக் கடித்தேன். "'நானே செய்வேன்'னு ஆரம்பிச்ச நாள்லேருந்து நீங்க எங்க காது குடுத்தீங்க, அப்பா? போய் சம்பலுக்கு ரெண்டு மிளகாய் கொண்டாங்க" என்றாள். மிளகாய்க்கு நான் எங்கே போவேன்? பதற்றத்தில் கண்ணில் பட்டதைப் பிடுங்கிக் கொடுத்தேன்.

எதைப் பிடுங்கினேன் என்று புரிவதற்குள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. "அட, தூக்குங்க தூக்குங்க!" என்று ஹாஜியாரே அடுப்பின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். நனைந்துபோய், கரியும் கனலுமாக உன் சமையலறைக்குள் நுழைந்தோம். அங்கேதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "நகருங்க, சாத்தேன்னா என்னன்னு நான் காட்டுறேன்" என்று எரிந்தது போக மிச்சமிருந்த விசிறியைப் பிடுங்கி, ஒரு வீச்சு வீசினார் பார், தீ கூரையைத் தொட்டுத் திரும்பியது. குச்சி, இறைச்சி எல்லாம் ஒரே கரி. ஹோஸ்னியா அம்மாள் இருமிக்கொண்டே, "இவரு அடுப்பைத் தொட்டு எந்தக் காலமாச்சு! கல்லாப்பெட்டியிலதான் உட்காருவாரு. சுடுறதெல்லாம் நான்தான்" என்றார்.

போச்சு, பெண்ணின் வாழ்க்கையைக் கரியாக்கிவிட்டேன் என்று எனக்கு அழுகை முட்டியது. ஹாஜியார் முகமெல்லாம் கரியோடு தரையில் உட்கார்ந்து, ஒரு உருண்டை பசைச் சோற்றை, அந்த மிளகாயில் நிங்ரும் அரைத்த சம்பலில் தொட்டு வாயில் போட்டார். மென்றார். ரொம்ப நேரம் மென்றார். பிறகு, "ஆபீசர் வீட்டுப் பொண்ணாச்சே, நம்ம வீட்டுப் புகைக்கு ஒத்துவருமான்னு வழியெல்லாம் யோசிச்சிட்டே வந்தேன். இங்க எங்க வீட்டைவிடப் புகை ஜாஸ்தியா இருக்கு. பொண்ணைக் குடுங்க, சம்பந்தி" என்றார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் நான் அவரைக் கட்டிக்கொண்டேன், கரி கரியோடு ஒட்டியது.

ஆக, சம்பந்தம் முடிந்தது. என் சாத்தேயைப் பற்றி அவரும் அவர் சாத்தேயைப் பற்றி நானும் வெளியே மூச்சு விடுவதில்லை என்று பேச்சு. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். மற்றபடி உன் சம்பல் அரைக்கும் கல் உடைந்திருக்கிறது, விவிக் வீட்டுப் பூனை தட்டிவிட்டது. சமையலறைத் திரை வெளுக்கப் போயிருக்கிறது. நீ இல்லாமல் இங்கே ஒரு குறையும் இல்லை. ஆற அமரப் பேரனோடு இருந்துவிட்டு வா.

குழந்தைக்கு என் முத்தம், வுலானுக்கும் மருமகனுக்கும் என் ஆசி, உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த பொறுமையும் இறைவன் தரட்டும்.

இப்படிக்கு,
உன் வர்சிதோ

பி.கு: உறையில் போடுவதற்குள் நிங்ரும் இதைப் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். சன்னலில் ஓடியது பாட்டு இல்லையாம். நீயும் வுலானும் முதலிலிருந்து கடைசிவரை வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தீர்களாம். அப்படியானால் ஈரக் கல்லின் மேல் கொதிக்கிற அடுப்பை வைத்தது பூனை இல்லை என்று உனக்குத் தெரியும். திரை எப்படிப் போயிற்று என்றும் தெரியும். அவர்கள் போன பிறகு வாணலியைத் தேய்த்துக்கொண்டே, "முர்த்தினி, நீ பக்கத்துல இல்லாமயே பொண்ணைக் குடுத்துட்டேன்டி" என்று நான் அழுததையும் பார்த்திருப்பாய். சரி, பார்த்தது பார்த்ததாகவே இருக்கட்டும். ஆற அமர என்று எழுதியதை அடித்துவிடு. அடுத்த கப்பலிலேயே கிளம்பி வா. வரும்போது சம்பல் அரைக்கும் கல் ஒன்று வாங்கி வா.