ஜெட்டியில் நான் சாப்பிட்ட பூரி

யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று நானே முடிவு செய்து கெடுத்த விஷயங்களை மட்டும் பிரித்தெடுத்தால், என் டைரிகளில் பாதி அதற்கே போய்விடும். அவற்றில் முதலிடம் என் மனைவி செல்விக்கு எடுத்த என்.எஸ்.டி. பரிசோதனைக்கு.

அப்போது எனக்கு அந்தமானில், பாராடாங் தீவில் வேலை. செல்விக்கு ஒன்பதாம் மாதம். வயிற்றில் பெல்ட் கட்டிக் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்க்க வேண்டும், நாளைக் காலை போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றார்கள். டெஸ்ட் என்றால் வெறும் வயிறு. இதில் கேட்க என்ன இருக்கிறது? (அதற்கு முன் ஒருமுறை எனக்கு ரத்தம் எடுத்திருந்தார்கள். என் மருத்துவப் படிப்பு அவ்வளவுதான்.)

ஃபெர்ரிக்காக ஜெட்டியில் நின்றபோது செல்வி பூரி கேட்டாள். மறுத்தேன். அவளிடமிருந்த பிஸ்கட்டையும் பிடுங்கி என் பையில் வைத்துப் பூட்டினேன். பூரிக்கடை வங்காளிக்கே பொறுக்கவில்லை, பாபிக்கும், அதாவது அண்ணிக்கும், ஒரு தட்டு தரட்டுமா என்று இந்தியில் கேட்டார். "டெஸ்ட் ஹை" என்றேன் கம்பீரமாக. பிறகு நான் சாப்பிட்டேன். டெஸ்ட் எனக்கில்லையே.

ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ் நர்ஸ், செல்வியைப் பாத்ரூம் போய்வரச் சொல்லி, இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, பெல்ட்டைக் கட்டினார். குழந்தை அசையும்போதெல்லாம் அழுத்தும்படி கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார். செல்வி அழுத்தவே இல்லை. பொத்தான் கெட்டுவிட்டதோ என்று நான் வாங்கி அழுத்திப் பார்த்தேன். தாளில் அசைவு பதிவானது. நர்ஸின் முகம் மலர்ந்தது. என் கையைப் பார்த்ததும் வாடியது.

டாக்டர் வந்தார். துடிப்பு இருக்கிறது, அசைவுதான் இல்லை, இன்னொரு முறை பார்த்தும் இப்படியே இருந்தால் இன்றே ஆபரேஷன் செய்ய வேண்டி வரலாம் என்றார். செல்வி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். என் முழங்கால்கள் ஆடின. அந்த அறையில் ஆடியவை அவை மட்டும்தான்.

நர்ஸ் செல்வியிடம் குனிந்து கேட்டார்.

"காலைல என்னம்மா சாப்ட்ட?"

"இவரு பூரி சாப்ட்டாரு."

நர்ஸ் என் பக்கம் திரும்பினார். "அரே, மாசமா இருக்கிறது யாரு சார், நீங்களா? சாப்ட்டு வந்தாத்தான் புள்ள ஆடும். பட்டினி போட்டா உள்ள தூங்கத்தான் செய்யும்."

பையின் பூட்டைத் திறந்தேன். பிஸ்கட் உள்ளே போன சற்று நேரத்தில் விழுந்த உதையில் பெல்ட்டே நழுவியது. செல்வி விடாமல் பொத்தானை அழுத்தினாள். (அந்த உதை எனக்கு விழுந்தது என்பது இன்றுவரை அவள் கட்சி.) டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்.

உதைத்தவள் இப்போது பத்தாம் வகுப்பு. போன மாதம் எனக்குச் சர்க்கரைப் பரிசோதனை. நிஜமாகவே சாப்பிடாமல் போக வேண்டியது. சொன்னேன், வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. மகள் இட்லித் தட்டை என் முன்னால் நகர்த்தினாள்.

"சாப்பிடுங்கப்பா. உள்ள இருக்கறது தூங்கிடப் போகுது."