பூப்போட்ட திரை

"என் வீட்டுப் பொம்பளை அந்நிய ஆம்பளை முன்னாடி கையைக் காட்டிட்டு நிக்கிறதா? நடக்காது!" என்றார் அப்துல் வஹாப்.

"பார்க்காம ஊசி எப்படி பாய் போடுறது?" என்றார் கம்பவுண்டர் பக்தவத்சலம்.

ஃப்ளூ காய்ச்சல் கப்பலேறிப் போர்ட் பிளேருக்கு வந்திருந்த வருஷம் அது. வஹாபின் மனைவி ஷரீபாவுக்கு மழை பிடித்தாலே இளைப்பு. இந்தக் காய்ச்சலை அவள் உடம்பு தாங்காது. தடுப்பூசியும் வேண்டும், மானமும் வேண்டும். அபர்டீன் பஜாரில் சொந்தத் துணிக்கடை இருந்ததால் வழி பிறந்தது. பூப்போட்ட சீட்டித் துணியை ஊசி போடும் அறையின் குறுக்கே கட்டி, நடுவில் ஓட்டை போட்டார்.

"கை மட்டும் வரும். முகம் பார்க்கப்படாது."

ஷரீபாவோ நடுங்கினாள். "கை வீங்கி அழுகிடுமாமே! எதிர்வீட்டு ஆமினா சொன்னா."

"ஆமினா டாக்டருக்குப் படிச்சாளா? குச் நஹி, ஒண்ணும் ஆகாது, வா."

துணைக்கு மீன்காரி பொன்னம்மாவும் திரைக்குப் பின்னால் போனாள். வஹாப் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஓட்டை வழியே வளையல் குலுங்க ஒரு கை நீண்டது. உள்ளே ஷரீபா "யா அல்லாஹ்!" என்று அலறினாள்.

"நல்ல திடமான கை பாய்," என்றார் கம்பவுண்டர். "கொஞ்சம் மீன் வாடைதான்."

"நேத்து எங்க வீட்டுல சூரை மீன் குழம்பு," என்றார் வஹாப் பெருமையாக.

"காய்ச்சல் அடிக்கலாம், கை வலிக்கலாம். பயப்படாதீங்க. மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை வஹாப் மனப்பாடம் செய்துகொண்டார்.

பத்துபஸ்தியில் இருந்த தங்கள் வீட்டில் ஷரீபா கையில் ஈரத்துணியோடு படுத்தாள். காலையில் இடது கையில் இருந்த துணி மாலையில் வலது கைக்கு மாறியிருந்தது. 'வலி பரவுது' என்று வஹாப் கவலைப்பட்டு, தானே கஞ்சி காய்ச்சிக் கருக்கினார்.

பொன்னம்மாவை வீதியில் காணோம். காய்ச்சலில் கிடக்கிறாளாம்.

"ஊசி போடாதவளுக்கு அதுதான் கதி," என்றார் வஹாப்.

அன்றே சென்னைக் கப்பலில் அவருடைய சின்னம்மா மகன் அப்துல் கனி இருமிக்கொண்டே வந்து இறங்கினான். வேறு யாரும் அவனை வீட்டில் சேர்க்கவில்லை.

"இங்கே வா தம்பி. இது ஊசி போட்ட வீடு. காய்ச்சல் வாசலோட நின்னுடும்."

"வேணாங்க," என்றாள் ஷரீபா. "நான் ஒண்ணு சொல்லணும்..."

"பேசாதே, படு."

கனி தேறி எழுந்தான். ஷரீபா விழுந்தாள். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்த வஹாபுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"மருந்து வேலை செய்யுது!" என்று வீதி முழுக்க ஜிலேபி கொடுத்தார்.

காய்ச்சல் ஏறியது. ஒசத்தியான மருந்து என்றார் வஹாப்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க பாய்," என்றாள் ஆமினா.

"ஊசிக் காய்ச்சலுக்கு எவனாவது ஆஸ்பத்திரி போவானா?"

ஷரீபா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். உதடு மட்டும் அசைந்தது. அவர் அவள் கையை விடுவித்துப் போர்வைக்குள் வைத்தார்.

மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரிப் படியைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த கையோடு வஹாப் ஊசி அறைக்குப் போய்த் திரையைக் கிழித்தெறிந்தார். கம்பவுண்டரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"உன் ஊசிதான்டா என் ஷரீபாவைக் கொன்னுச்சு!"

கூடிய கூட்டம் ஆமோதித்தது. இனி யாரும் ஊசிக்குக் கை நீட்டுவதில்லை என்று அங்கேயே முடிவாகிவிட்டது. பக்தவத்சலம் அழுதார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பொன்னம்மா வந்தாள். காய்ச்சல் விட்டு அன்றுதான் எழுந்திருந்தாள். ஒரு கையைத் தூக்க முடியாமல் தொங்கவிட்டிருந்தாள்.

"அவரை விடுங்க பாய்," என்றாள். "அக்கா பயந்து அழுதாங்கன்னு, அவங்க வளையலைப் போட்டுக்கிட்டு அந்த ஓட்டையில கையை நீட்டுனது நான்தான்."