பிரிந்த தேதியைக் காணவில்லை

ஸ்கிப்டன்,
மார்ச் 9

அன்புள்ள ஹில்டா அக்காவுக்கு,

தம்பி டெஸ்மண்ட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், க்ளெனிஸ் நலம், மழையும் குறைவில்லாமல் பெய்கிறது. உன் முழங்கால் வலி இப்போது தேவலையா? நானும் க்ளெனிஸும் விவாகரத்து செய்துகொள்கிறோம். பதறாதே, உட்கார்ந்து படி.

போன செப்டம்பரில் எங்கள் கேரவனை, கோடைதோறும் நாங்கள் போய்த் தங்கிய அந்தச் சக்கர வீட்டை, விற்றேன் அல்லவா? நல்ல விலை வந்தது, விற்றேன். "என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள் க்ளெனிஸ். கேட்கவில்லைதான். "நாப்பத்தோரு வருஷத்துல எதுக்குத்தான் கேட்டே?" என்றாள். யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. ஜனவரியில், "பிரிஞ்சிடலாம்" என்றாள். நானும் வீம்புக்கு "சரி" என்றேன். வீட்டையும் பென்ஷனையும் பிரிக்க வக்கீல் வேண்டுமே என்று சொலிசிட்டர் ஒருவரிடம் போனேன். அவர் சொன்ன தொகையைக் கொடுத்தால் பிரிப்பதற்குத் தேநீர்க் கெண்டி மட்டும்தான் மிஞ்சும். பந்து உருட்டும் கிளப்பில் என் கூட்டாளி ரெஜ்தான் வழி சொன்னான்: சொலிசிட்டரை விட்டுவிட்டு கோர்ட்டில் நின்று வாதாடும் பாரிஸ்டரையே நேரே பிடிக்கலாமாம், இன்ன வேலைக்கு இன்ன தொகை என்று முன்பே பேசிவிடுவார்களாம், பாதிக்குப் பாதி மிச்சமாம். அவன் சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு. அதைப் பாரிஸ்டர் மிஸ் ஃபரோ கம்ப்யூட்டர் திரையில் வந்து சொன்னாள். "சார், ஆலோசனை சொல்றதும் வாதாடுறதும் என் வேலை. காகிதம் சேர்க்கிறது, அடுக்குறது, பக்க எண் போடுறது, எதிர்த்தரப்புக்கு எழுதுறது எல்லாம் இனிமே உங்க வேலை."

அக்கா, என் பென்ஷன் காகிதம் எங்கே இருக்கிறதென்று இந்த வீட்டில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். எதிர்த்தரப்புக்கு. மாடிப்படியில் நின்று, "க்ளெனிஸ், பேங்க் காகிதம் எங்கே? வீட்டுப் பத்திரம் எங்கே? ஓட்டை போடுற மெஷின் எங்கே?" என்று நாள் முழுக்கக் கத்தினேன். நான் போட்ட பக்க எண்களைப் பார்த்தாள், பொறுக்க முடியவில்லை அவளுக்கு. "முப்பது வருஷம் ஸ்கூல் ஆபீஸ்ல இருந்தவ நான். இந்த லட்சணத்துல கோர்ட்டுக்குப் போனா என் மானம்தான் போகும். தள்ளு!" என்று பிடுங்கி, நூற்று எண்பத்தாறு பக்கத்தையும் அவளே அடுக்கிக் கொடுத்தாள். அதைப் பார்த்துத் திரையில் மிஸ் ஃபரோ அசந்துவிட்டாள். "இவ்வளவு சுத்தமான காகிதக் கட்டை நான் பார்த்ததே இல்லை. யார் சார் செஞ்சது?" நான் வாயைத் திறப்பதற்குள் க்ளெனிஸ் தேநீரோடு என் பின்னால் வந்து நின்றாள். "அது யாரு?" "எதிர்த்தரப்பு." மிஸ் ஃபரோ கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். "சார், அவங்க இருக்கும்போது நான் உங்களுக்கு எதுவும் சொல்லக் கூடாது!" க்ளெனிஸ் தட்டை வைத்துவிட்டு, "நான் காதைப் பொத்திக்கறேன்மா, நீ சொல்லு" என்றாள்.

அப்புறம்தான் பெரிய வினை வந்துது. கல்யாணம், குழந்தை, வீடு வாங்கினது, பிரிஞ்சது எல்லாத்துக்கும் தேதி போட்டு ஒரே பக்கத்தில் எழுதி கோர்ட்டுக்கு அனுப்பணுமாம். மத்ததெல்லாம் க்ளெனிஸே மடமடன்னு சொல்லிட்டா. பிரிஞ்ச தேதிதான் கிடைக்கல. கேரவன் போன நாள்னு எழுதப் போனேன். "அன்னிக்குத்தானே உனக்குக் கண் ஆபரேஷன்? கையைப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தது யாரு?" சரி, கிறிஸ்துமஸ்னு போடலாமா? "நான் காய்ச்சல்ல கிடந்தேன். நீ சூப் வச்சுக் கொடுத்தே. கேவலமா இருந்தது. ஆனா கொடுத்தே." பின் அறைக்கு நான் படுக்கையை மாத்தின நாள்? "அங்க குளிருதுன்னு மூணாம் நாளே திரும்பி வந்துட்டே." சொல்லிட்டு பென்சிலை வச்சுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. அவ தோளைத் தொடணும் போல இருந்தது அக்கா. வக்கீலைக் கேக்காம தொடலாமான்னு தெரியல, அதனால தொடல.

எனவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். வரும் திங்களன்று பெட்டியோடு உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். அந்தத் தேதியையே எழுதிவிடலாம், வேலை சுலபம்.

உன் முழங்காலுக்குச் சுகமும், உன் பூனைக்கு நல்ல புத்தியும், உனக்கு நீண்ட ஆயுளும் வேண்டி நிற்கும்
தம்பி
டெஸ்மண்ட்

பி.கு.: உறையை ஒட்டும் முன் கடிதத்தை க்ளெனிஸிடம் கொடுத்தேன். "படிச்சுப் பாரு. நான் திங்கட்கிழமை போகட்டுமா?" என்று கேட்டேன். முழுவதும் படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள். "என்னை ஒரு வார்த்தை கேக்க உனக்கு இத்தனை வருஷம் ஆச்சா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "போகாதே, டெஸ்" என்றாள். நானும் அழுதுவிட்டேன், உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். ஆகவே திங்களன்று நான் வரவில்லை. கேட்டதும் சொல்லிவிட்டாள், அக்கா. கேட்டதும்.