முப்பத்தாறாவது படம்

"மூண்டு படந்தான் மிச்சமோ?"

நித்தியானந்தன் போட்ட சத்தத்தில், சுவிஸில் வெவே ஏரிக்கரை வாங்கிலில் இருந்து ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு கலியாணத்துக்கு ஒரு படம் காணும் மச்சான். மிச்சம் ரெண்டும் லாபம்," என்றான் தவச்செல்வன், கமராவைத் துடைத்துக்கொண்டே.

"முப்பத்தாறு எடுக்கலாம் எண்டு சொல்லித்தானே கூட்டிக்கொண்டு வந்தனீ? மிச்சம் முப்பத்திமூண்டும் எங்கை?"

"மாடு எடுத்தனான்."

"என்னது?"

"மாடு. இஞ்சத்தை மாடு நல்ல வடிவெல்லோ. கழுத்திலை மணி எல்லாம் கட்டி..."

நித்தியானந்தனுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கிழமையில் ஆறு நாள் லோசானில் ஒரு உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவுகிறவன் அவன். ஏழாவது நாளான திங்கட்கிழமையை இந்த மனிதனை நம்பிக் கொடுத்திருந்தான். குடியிருக்கிற ரெனானிலிருந்து ரயிலேறி வந்து பார்த்தால் மாடு! புதுப் பிலிம் வாங்கலாம் என்றால் திங்கட்கிழமை காலையில் கடைகள் பூட்டு. திறந்திருந்த ஒரேயொரு பெட்டிக்கடைக்காரியும், இருந்த பிலிம் எல்லாவற்றையும் யப்பான்காரர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கையை விரித்தாள்.

படம் இன்றைக்கே எடுத்தாக வேண்டும். ஊரிலிருந்து அக்கா யோகாம்பாள் எழுதியிருந்தாள்: கொக்குவிலில் ஜெயமலர் என்று ஒரு பெண், சாதகம் நன்றாகப் பொருந்துகிறது, பெண்வீட்டார் மாப்பிள்ளையின் படம் கேட்கிறார்கள், வேறு இடங்களிலிருந்தும் படம் வந்திருக்கிறது, ஆவணி பிறக்க முதல் உன் படம் வராவிட்டால் அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். கடிதத்துக்குள் ஜெயமலரின் படமும் இருந்தது. அந்தப் படத்தை நித்தியானந்தன் இதுவரை எத்தனை தரம் பார்த்திருப்பான் என்பதை அவனிடமே விட்டுவிடுவோம்.

"இந்தா, கோட்டைப் போடு. கவனம், மடிப்புக் குலையாமல் வைச்சிரு. ஞாயிற்றுக்கிழமை வேறை ஒராளுக்கு வேணும்," என்றான் தவச்செல்வன்.

மண்ணிறக் கோட்டு. தவச்செல்வன் எங்கேயோ பழைய துணிக்கடையில் எடுத்தது. நடுப் பொத்தான் மட்டும் கறுப்பு. கை நீளம். நித்தியானந்தனின் விரல் நுனிகள்தான் வெளியே தெரிந்தன.

"இதுக்குள்ளை என்னைக் காணேல்லையேடா!"

"கோட்டுத் தெரிஞ்சால் காணும். இதைப் போட்டு எடுத்த படம் ஒண்டும் இன்னும் பிழைச்சதில்லை. போய்த் தண்ணிக்குக் கிட்ட நில். பின்னாலை மலை வரட்டும். சிரி."

"எனக்குச் சிரிப்பு வரேல்லை."

"அப்ப பல்லையாவது காட்டு."

பல்லைக் காட்டினான். பின்னால் ஏரியில் அன்னம் ஒன்று வந்துகொண்டிருந்தது. சுற்றுலாக்காரர் பாண் போட்டுப் பழக்கிய அன்னம். தொங்கிக்கொண்டிருந்த கோட்டுக் கையைப் பாண் துண்டென்று நினைத்ததோ என்னவோ, எட்டிக் கவ்விக்கொண்டு இழுத்தது. நித்தியானந்தன் அலறினான். தவச்செல்வன் திடுக்கிட்டுக் கமராவை அமத்திவிட்டான்.

"முப்பத்திநாலு போச்சு," என்றான்.

"கையைப் பிடுங்கப் பாக்குது, நீ எண்ணிக்கொண்டு நிக்கிறாய்!"

"தண்ணிப் பக்கம் சரிவராது. கார்ப் பக்கம் வா."

தெருவோரம் சிவப்புக் கார் ஒன்று நின்றது. அப்படி ஒரு மினுக்கம். தவச்செல்வன் அதைத் தேடவேயில்லை. தன் வீட்டு வாசலில் நிற்கிற காரிடம் போவது போல நேரே போனான்.

"கதவிலை ஒரு கை. மற்றக் கை பொக்கற்றிலை."

"இது ஆரின்ரை கார்?"

"ஆரின்ரையாய் இருந்தால் என்ன? நீ ஓடப்போறியோ? தொட்டுக்கொண்டு நிக்கப்போறாய்."

"நான் கோப்பை கழுவுறவன். கார் வைச்சிருக்கிறன் எண்டு அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்லச் சொல்லுறியோ?"

"நீ எங்கை பொய் சொல்லுறாய்? நீ வாயே திறக்கேல்லை. கார் பக்கத்திலை நிண்டது, நீயும் நிண்டாய், அவ்வளவுதான்."

நித்தியானந்தனுக்குத் துளியும் மனமில்லை. ஆனால் பொழுது போய்க்கொண்டிருந்தது. மற்ற மாப்பிள்ளைகளின் படங்கள் கொக்குவிலில் ஏற்கனவே மேசைக்கு வந்துவிட்டன. கதவில் கையை வைத்தான்.

எதிர்க் கோப்பிக் கடையிலிருந்து, கழுத்தில் துவாய்த் துண்டோடு ஒரு கிழவர் புயலாக வந்தார். பிரெஞ்சில் பொரிந்து தள்ளினார். விரலால் நித்தியானந்தனின் நெஞ்சில் குத்தினார். கிளிக் என்றது கமரா. பிறகு கிழவர் கோட்டைப் பார்த்தார். கறுப்புப் பொத்தானைப் பார்த்தார். நீண்ட பெருமூச்சு ஒன்று விட்டு, "அன்கோர்!" என்றார்.

அந்தச் சொல் நித்தியானந்தனுக்கு நன்றாகத் தெரியும். கழுவிய கோப்பையில் கறை இருந்தால் தலைமைச் சமையல்காரர் அதைத்தான் சொல்லித் திருப்பிக் கொடுப்பார். திரும்பவும்!

"என்ன திரும்பவும்? நான் இந்த ஊருக்கு வாறதே இதுதான் முதல் தரம்!" என்று தமிழில் கத்தினான். நியாயம் கேட்கலாமென்று தவச்செல்வனைத் தேடினால், அவன் மரமொன்றின் பின்னால் நின்று, மரத்தை மிக அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா ஒளிச்சனீ?"

"வெயில் மச்சான்."

மிச்சம் ஒரு படம். இருவரும் கரையோரம் நடந்தார்கள். காலால் மிதித்து ஓட்டுகிற படகுகளை வாடகைக்கு விடுகிற இடம் வந்ததும் தவச்செல்வனின் கண் விரிந்தது.

"மச்சான், படகு! தண்ணியிலை அன்னம் வந்தாலும் மிதிச்சுக்கொண்டு தப்பலாம். கார்க்காரனும் வரமாட்டான்."

"எனக்கு நீந்தத் தெரியாது."

"ஆர் உன்னை நீந்தச் சொன்னது? பத்தடி போய் நில். நான் கரையிலை நிண்டு எடுக்கிறன்."

படகுக்காரன் பிணையாக ஏதாவது அடையாள அட்டை கேட்டான். நித்தியானந்தன் தன் அகதி அட்டையைக் கொடுத்தான். அன்றைக்கு நனையாமல் தப்பிய ஒரே பொருள் அதுதான்.

பத்தடி மிதித்தான். கோட்டுக்குள் வெந்து வியர்த்தான். பக்கத்துப் படகில் ஒரு குடும்பம் ஆளுக்கொரு அரைக்காற்சட்டையோடு சந்தோசமாகப் போனது. நாட்டுக்குச் சொந்தக்காரன் காற்சட்டையோடு திரிய, அகதி கோட்டோடு படகோட்டுகிற நியாயத்தை யாரிடம் சொல்வது?

"இருந்தால் கோட்டுத் தெரியேல்லை! எழும்பு!" என்று கரையிலிருந்து சத்தம் வந்தது.

"விசரே உனக்கு? ஆடுது!"

"ஒரு செக்கன் எழும்பு! பின்னாலை கப்பல் வருது, வடிவாய் விழும்!"

கப்பல் வந்தது உண்மை. பெரிய வெள்ளை உல்லாசக் கப்பல், மேல்தட்டு நிறையச் சனம். நித்தியானந்தன் கையை விரித்து எழும்பினான். நெஞ்சை நிமிர்த்தினான். அன்றைக்கு முதல்முறையாக உண்மையாகவே கொஞ்சம் சிரித்தான், ஜெயமலரை நினைத்து. அந்த நேரம் பார்த்துக் கப்பலின் அலை வந்து படகைத் தட்டியது.

"ஐயோ! கோட்டு! கோட்டு!" என்று கரையில் தவச்செல்வன் தலையில் அடித்துக்கொண்டான்.

தண்ணீருக்குள் போன நித்தியானந்தன், தாழப்போகிறோம் என்று நினைத்துக் காலை ஊன்றினான். இடுப்பளவுதான். எழுந்து நின்றான். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. கப்பலில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். நாலைந்து பேர் படமும் எடுத்தார்கள். அவர்களிடம் பிலிம் நிறைய இருந்தது.

"நான் சாகக் கிடக்கிறன், நீ கோட்டைக் கேக்கிறியோ? மனிசனாடா நீ?" என்று ஏரியே அதிரக் கத்திக் கையை ஓங்கினான்.

கிளிக்.

"ஏன்டா எடுத்தனீ?"

"கை தானாய் அமத்திப்போட்டுது மச்சான்."

ரெனான் வரைக்கும் நித்தியானந்தன் ரயிலில் கடதாசி விரித்து அதன்மேல் இருந்து போனான். தவச்செல்வன் எதிரில் இருந்து, கோட்டைப் பிழிந்து பிழிந்து, செத்தவீட்டுக்குப் போகிறவன் போல மூக்கை உறிஞ்சினான்.

வியாழக்கிழமை படங்கள் கழுவி வந்தன. முப்பத்திமூன்று மாடு. ஒரு அன்னம். ஒரு கிழவர். கடைசியில், இடுப்பளவு தண்ணீரில் கை ஓங்கி நிற்கிற ஒரு பயங்கரமான கோபம்.

"உதை அனுப்பிப்போடாதை. கோட்டு காயட்டும், வாற திங்கட்கிழமை புதுசாய் எடுப்பம்," என்றான் தவச்செல்வன்.

"திங்கட்கிழமை எடுத்தால் அது ஆவணிக்கு முதல் போய்ச் சேருமோ? உன்ரை கோட்டும் வேண்டாம், காரும் வேண்டாம்!"

அந்த ஆத்திரத்திலேயே முப்பத்தாறாவது படத்தை எடுத்து, பின்பக்கத்தில் "இதுதான் நான். கோப்பை கழுவுகிறேன். நீந்தத் தெரியாது" என்று எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஓடிப்போய்த் தபால் பெட்டியில் போட்டான். போட்ட அடுத்த நிமிடம் ஆத்திரம் போய்விட்டது. பயம் வந்தது. பெட்டியின் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தான். மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. கடிதம் எடுக்க வந்த தபால்காரர், போட்டது போட்டதுதான் என்று மஞ்சள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஐந்து கிழமை அவன் யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஜெயமலரின் படத்தைப் பார்க்கவும் வெட்கமாக இருந்தது. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தான்.

ஒரு திங்கட்கிழமை, தவச்செல்வன் அறையில் இறைச்சிக்கறி வைத்துக்கொண்டிருந்த நேரம், அக்காவின் கடிதம் வந்தது. நித்தியானந்தன் உறையைக் கிழித்து வாய்விட்டு வாசித்தான்.

"தம்பிக்கு, உனக்குப் புத்தி இருக்கிறதா? கலியாணத்துக்குப் படம் கேட்டால், குளத்துக்குள் நின்று அடிக்கக் கை ஓங்குகிற படத்தையா அனுப்புவாய்? அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை..."

"நான் அப்பவே சொன்னனான்," என்றான் தவச்செல்வன், கறியைக் கிண்டிக்கொண்டு.

"பொறு, இன்னும் கிடக்கு. 'போன வெள்ளிக்கிழமை பெண்வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். தகப்பன், வந்த படம் ஐந்தையும் மேசையில் வரிசையாக வைத்திருந்தார். உன்னைப் போல மற்ற நாலு பேரும் சுவிஸ்தான். நாலு பேரும் ஒரே சிவப்புக் காரில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். காரின் நம்பரும் ஒன்றுதான். நாலு பேரும் ஒரே மண்ணிறக் கோட்டு, நடுவில் ஒரே கறுப்புப் பொத்தான்...'"

வாசிப்பு நின்றது.

"சத்தியமாய் மச்சான், நாலும் ஒரே வீட்டுக்குத்தான் போகுதெண்டு எனக்குத் தெரியாது," என்றான் தவச்செல்வன். அகப்பையை வைத்துவிட்டு, வெளியே ஓடக் காலுக்குச் சப்பாத்தைத் தேடினான்.

நித்தியானந்தன் அவனைப் பார்த்த பார்வையில் கறி தீய்ந்திருக்க வேண்டும். பிறகு மிச்சத்தை வாசித்தான்.

"'தகப்பனுக்கு வந்த கோபம்! சுவிஸே வேண்டாம், ஐந்தையும் திருப்பி அனுப்புங்கோ என்று எழும்பிவிட்டார். ஜெயமலர்தான் உன் படத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பின்பக்கத்தையும் வாசித்தாள். பிறகு சொன்னாள்: அப்பா, அந்த நாலிலையும் கோட்டுத்தான் நிக்குது. இதிலைதான் ஒரு மனிசன் நிக்கிறார்.'"