உத்தேசச் சம்பந்திக்கு, சுறா தொடர்பாக

கிழக்குக் கிட்வாய் நகர்,
புது தில்லி.
கார்த்திகை 22

பெறுநர்: உயர்திரு ரமேஷ்குமார் அவர்கள் (உத்தேசச் சம்பந்தி), போர்ட் பிளேர். ஊரின் பெயரை மாற்றிவிட்டார்கள் என்பது தெரியும். தபால்காரருக்குப் பழகிய பெயரை எழுதியிருக்கிறேன்.

பார்வை: தங்கள் துணைவியார் என் துணைவி அம்சவேணியிடம் சென்ற மாதம் தொலைபேசியில் தெரிவித்தது.

பெருமதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். தாங்களும் தங்கள் இல்லத்தாரும் தங்கள் படகும் நலமாக இருக்க வேண்டுமென்று தினமும் காலையில் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். படகைச் சேர்த்தது அம்சவேணியின் யோசனை. இங்கே நானும் அவளும் மகள் பிரியதர்ஷினியும் நலம். பத்து நாட்களாக எங்கள் வீட்டில் விருந்தாளியாக இருக்கும் தங்கள் புதல்வர் சிரஞ்சீவி கௌதமனும் ஏறக்குறைய நலம். அந்த 'ஏறக்குறைய' பற்றிப் பின்னால் விளக்கம் வருகிறது. அதுவரை தாங்கள் பதற்றப்படாமல், பத்தி தாண்டாமல் படிக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். தை இருபதாம் தேதி நிச்சயதார்த்தம் என்று நம் வீட்டம்மாக்கள் இருவரும் பேசி முடித்துவிட்டார்கள். ஆனால் பெண்ணைப் பெற்றவன் என்ற முறையில் என் ஒப்புதல் இன்னும் வழங்கப்படவில்லை. தம்பி கௌதமன்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சிகரெட் இல்லை, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிறார், தட்டைத் தானே கழுவுகிறார். தொழில்தான் உதைக்கிறது. காலையில் தூண்டில் போட ஆசைப்படும் ஆட்களைச் சின்னப் படகில் ஏற்றிக்கொண்டு நடுக்கடலுக்குப் போகிறார். மதியம் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, சுறா இருக்கும் இடமாகப் பார்த்து அவராகவே இறங்குகிறார். கூட நாலு பேரையும் பணம் வாங்கிக்கொண்டு இறக்குகிறார். போன வருஷம் ஆபீஸ் சிநேகிதிகளோடு அங்கே பத்து நாள் சுற்றுலா வந்த என் மகள் அந்த நாலு பேரில் ஒருத்தியாக இறங்கியவள்தான், இன்னும் மனசளவில் மேலே வரவில்லை. நான் மத்திய சர்க்காரில் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டி செக்‌ஷன் ஆபீசராக இருப்பவன். ஆபத்து என்று தெரிந்தால் அதை வேறொரு செக்‌ஷனுக்கு அனுப்பிவைப்பது எங்கள் வழக்கம், போய்ப் பார்ப்பது கிடையாது. எனவே என் நிபந்தனை ஒன்றே ஒன்று. மாப்பிள்ளை கடலை விட்டுவிட்டுத் தில்லிக்கு வந்துவிட வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் ஒப்பந்த அடிப்படையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. நாலு சுவர், ஒரு மேஜை, ஒரு நாற்காலி. அந்த நாற்காலி இதுவரை யாரையும் கடித்ததாகப் பதிவு இல்லை.

நான் ஏதோ வாய்க்கு வந்தபடி பயப்படுகிறேன் என்று தாங்கள் நினைக்கக் கூடாது. 'சுறா - பொது' என்று ஒரு ஃபைல் திறந்து, கடலில் முக்குளிப்போருக்கும் சிறுபடகில் மீன் பிடிப்போருக்குமான பாதுகாப்புக் குறிப்புகள் பதினாலு பக்கம் இறக்கி, பச்சை மையால் அடிக்கோடிட்டுப் படித்தேன். பிடித்த மீனைக் கயிற்றில் கோத்துப் படகோரம் தொங்கவிடாதே, மீன் கழுவின ரத்தத் தண்ணீரை ஆள் இறங்கும் இடத்தில் ஊற்றாதே, தூண்டிலில் சுறா மாட்டினால் வீரம் காட்டாமல் தூண்டில் நரம்பை அறுத்து விட்டுவிடு, கையைத் தண்ணீரில் அளையாதே. இதெல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. ஒன்பதாம் பக்கத்தில்தான் எனக்கு வியர்த்தது. பளபளக்கும் நகை அணிந்து இறங்கக் கூடாதாம், அது மீன் செதில் மாதிரி மின்னுமாம். சரி, தாலிக்கொடி வேண்டாம், வெறும் மஞ்சள் கயிறு போதும் என்று பக்கத்தைப் புரட்டினால், பளிச்சென்ற மஞ்சளும் கூடாதாம், அது சுறாவின் கண்ணுக்கு உடனே படுமாம். விடியற்காலையும் அந்தி நேரமும் ஆகாதாம். ஐயா, விடியற்காலையில், உடம்பெல்லாம் மஞ்சள் பூசி, கழுத்து நிறையத் தங்கம் போட்டுத்தானே நம் வீடுகளில் பெண்ணை மணையில் உட்கார வைக்கிறோம்? நம் முகூர்த்தப் பத்திரிகையை ஒரு சுறா உட்கார்ந்து எழுதியிருந்தாலும் இதில் ஒரு வரி மாற்றியிருக்காது.

சரி, சோதித்துப் பார்க்காமல் நோட் எழுதக் கூடாது என்று, குளியலறையில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, அம்சவேணியின் தாலிக்கொடியைக் கேட்டேன். "கழட்டறதா? உங்க சுறாவுக்கு வேற வேலையில்லன்னா உங்களுக்குமா இல்ல?" என்று சொல்லிவிட்டு, ஆராய்ச்சிக்கு இடைஞ்சல் செய்யாமல் அவளே வாளிக்கு மேல் குனிந்து கொடியைத் தண்ணீரில் தொங்கவிட்டாள். நான் விளக்கை அணைத்து டார்ச் அடித்தேன். மின்னியது, ஐயா. நிஜமாகவே மின்னியது. இந்த நேரம் பார்த்து உள்ளே வந்த பிரியதர்ஷினி, எங்கள் இருவரையும் வாளியையும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். கீழ்வீட்டு வைத்தியிடம் யோசனை கேட்டேன். தணிக்கைத் துறையில் ஓய்வு பெற்று மகனுடைய குவார்ட்டர்ஸில் இருப்பவர், சாஸ்திரம் தெரிந்தவர். "தாலியக் கழட்டப்படாது ஓய். கறுப்புத் துணியில உறை தச்சு மாட்டிவிடும். சாஸ்திரமும் ஆச்சு, சுறாவும் ஆச்சு" என்றார். அம்சவேணி பழைய குடைத்துணியில் ஓர் உறை தைத்து வைத்திருக்கிறாள். மாதிரிக்கு இத்துடன் இணைத்துள்ளேன்.

இந்த நிலையில்தான் தம்பி கௌதமன் என் சந்தேகங்களை நேரில் தீர்ப்பதாகச் சொல்லி விமானம் ஏறி வந்தார். வந்த அன்றைக்கே எங்கள் ஊர்ப் பனிப்புகை அவரைப் பிடித்துக்கொண்டது. விமான நிலையத்திலிருந்து ஆட்டோவில் வருவதற்குள் கண் இரண்டும் சிவந்து, இருமி இருமி, "மாமா, கடலுக்குள்ள போறப்ப நல்ல காத்த முதுகுல கட்டிக்கிட்டுப் போவோம். இங்க தரையிலயே அது வேணும்போல இருக்கே" என்றார். சின்னப் பையன் கிண்டல் செய்கிறார் என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் வெயில் போல ஏதோ ஒன்று தெரிந்ததும், பூங்காவில் நான், வைத்தி, எங்கள் பிளாக்கைச் சேர்ந்த இன்னும் இரண்டு பேர் என்று ஒரு கமிட்டியாக உட்கார்ந்து அவரை விசாரித்தோம். "ஏண்டாப்பா, சுறா நேருக்கு நேரா வந்துடுத்துன்னா என்ன பண்ணுவே?" என்று வைத்தி கேட்டார். தம்பி எழுந்து நின்று பொறுமையாக விளக்கினார். "ஓடக் கூடாது சார். கையக் கால அடிக்கக் கூடாது. முதுகக் காட்டாம, அது கண்ணையே பார்த்துக்கிட்டு, மெதுவா பின்னால வரணும். அது ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு அது பாட்டுக்குப் போயிரும்."

இந்த இடத்தில் தாங்கள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம். வைத்தி தினமும் பிஸ்கெட் போட்டு வளர்க்கும் காலு என்கிற கறுப்பு நாய் அப்போது வேலியோரமாக வந்தது. அன்று வைத்தி பிஸ்கெட்டை மறந்துவிட்டு வந்திருந்தார். நாய் பல்லைக் காட்டியதும் கமிட்டி கலைந்தது. ஐம்பத்தொன்பது வயதில் நான் குழந்தைகள் சறுக்குமரத்தில் சறுக்கி இறங்கும் பக்கமாகவே ஏறினேன். ஏறிய பிறகு திரும்பிப் பார்த்தால், தம்பி கௌதமன் ஓடவில்லை. கையைக் காலை அடிக்கவில்லை. முதுகைக் காட்டாமல், நாயின் கண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டு, சொன்ன சொல் பிசகாமல் மெதுவாகப் பின்னால் வந்தார். நாயும் அவரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தது. அதுவரைக்கும் எல்லாம் குறிப்பில் உள்ளபடிதான் நடந்தது. அதற்குப் பிறகு கடித்துவிட்டது. இடது கெண்டைக்கால், நாலு பல். "ஒண்ணும் பண்ணாது! ரொம்ப சாதுவான ஜீவன்!" என்று பெஞ்சின் மேல் நின்றபடி வைத்தி கத்திக்கொண்டிருந்தார். கடித்து முடித்த பிறகும் கத்தினார்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம். வாசலில் இருந்த காவலாளி, "பையா, குத்தா யா பந்தர்?" என்று கேட்டு, நாய்க்கடி ஒரு வரிசை, குரங்குக்கடி ஒரு வரிசை என்று பிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் டோக்கன் நூற்று அறுபத்து மூன்று. தம்பி வரிசையை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "இவங்க எல்லாரும் இந்த வாரம் கடிபட்டவங்களா மாமா?" என்று கேட்டார். "இல்ல தம்பி, இன்னிக்கு மதியம் வரைக்கும்" என்றேன். "பதினோரு வருஷமா கடல்ல இறங்கறேன். சுறா கடிச்ச ஒரு ஆளை நான் கண்ணால பார்த்ததில்ல" என்று சொல்லிச் சிரித்தார். என் பெண்ணும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்தவர் வீட்டுப் பிள்ளையை முழுசாக வாங்கிப் பழுதாக நிறுத்தி வைத்திருக்கிறோமே. நூற்று அறுபத்து மூன்றாவது ஆளாக நின்றபோது தங்களுக்கு என்ன எழுதுவது என்றுதான் யோசித்தேன். அதற்கு எட்டு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். மூன்று ஊசிகள் முடிந்தன, இன்னும் இரண்டு பாக்கி.

இருந்தாலும் என் நிபந்தனையில் மாற்றமில்லை. நாய் என்பது தெரிந்த ஆபத்து. அதற்கு ஊசி உண்டு, வரிசை உண்டு, டோக்கன் உண்டு. சுறாவுக்கு என்ன ஏற்பாடு இருக்கிறது? நடுக்கடலில் யார் டோக்கன் கொடுப்பார்? புகை என்கிறார்கள். அதற்கும் எண்கள் போட்டுத் தினமும் காலையில் பேப்பரில் வெளியிடுகிறார்கள், எண் வந்துவிட்டால் அது கட்டுப்பாட்டில் இருப்பதாகத்தானே பொருள்? ரிங் ரோட்டைக் கடப்பது சிரமம் என்றால் கடக்காமல் இருக்கலாம். நான் முப்பத்து நாலு வருஷம் இங்கே உயிரோடு இருந்திருக்கிறேன், இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். என் பெண் பத்திரமான இடத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு பேராசை கிடையாது. தாங்கள் தங்கள் புதல்வரிடம் நல்ல வார்த்தை சொல்லி, அந்த அலுவலக வேலைக்கான விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வைக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் துணைவியாருக்கு எங்கள் இருவரின் வணக்கங்கள். நாய் விஷயத்தை அவர்களிடம் தாங்களே பக்குவமாகச் சொல்லுங்கள், அம்சவேணி சொன்னால் அழுதுவிடுவாள். வீட்டில் உள்ள சிறியவர்களுக்கு எங்கள் ஆசிகள். முருகன் அருளால் தங்கள் படகு போன வழியே திரும்பி வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உத்தேசச் சம்பந்தி,
கோ. அய்யாசாமி

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டுவதற்குள் காரியம் கைமீறிவிட்டது. தங்கள் புதல்வர் கையெழுத்துப் போட்டுவிட்டார். யாரும் வற்புறுத்தவில்லை. இன்று காலை என் பழைய முழுக்கைச் சட்டையைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, "பிரியாவுக்காக வந்துர்றேன் மாமா, பழகிரும்" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை இருமினார். பிறகு பால்கனியில் போய் உட்கார்ந்து, புகைக்குள் எதிர் பிளாக் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று சமையலறைக்குப் போய்ச் சொன்னேன். பிரியதர்ஷினி அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்து, "அப்பா, பொறந்ததுலேருந்து ஒவ்வொரு குளிருக்கும் நான் இருமறேன். அங்க இருந்த பத்து நாளும் இருமல. உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, ஐயா. அவளுடைய இருமல் சத்தம் எங்கள் வீட்டில் குக்கர் சத்தத்தோடு சத்தமாகப் போய்விட்டது. இருபத்தேழு வருஷமாகப் பத்திரமான இடம் என்று நினைத்துக்கொண்டு என் குழந்தையை எங்கே வைத்திருந்தேன்!

விண்ணப்பத்தை நானே கிழித்துப் போட்டேன். ஆகவே மேலே எழுதியவை அனைத்தும் ரத்து. நாய்க்கடி மட்டும் நிஜம். மீதி ஊசிகளை அங்கேயே போட்டுக்கொள்ளலாமாம், தம்பியைச் சனிக்கிழமை விமானத்தில் அனுப்புகிறேன். கல்யாணம் முடிந்ததும் பெண்ணையும் கூடவே அழைத்துக்கொள்ளுங்கள். தாலி எந்த நிறத்தில் இருந்தாலும், கழுத்தில் இருந்தாலும் படகில் இருந்தாலும், அதை அவர்கள் இருவரும் முடிவு செய்துகொள்ளட்டும். என் ஒப்புதலை இதன்மூலம் வழங்குகிறேன். அவள் அங்கே இருமாமல் இருந்தால் எனக்கு அது போதும்.